பெட்டிக்குள் ஒரு பித்தளைக் குழல்

எங்கள் தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்த பின்னர், 2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கரோல்பாகில் அவர் ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருந்த வாடகை வீட்டை ஒழித்துக்கொடுக்கும் கடமை எங்களுக்கு நேர்ந்தது. உடன்பிறந்தார் மூவருள் ஒருவர் தில்லிவாசி. மற்ற இருவரும் புணேயிலிருந்தும் போபாலிலிருந்தும் வந்து சேர்ந்தோம். நான்கு நாட்களில் பாத்திரங்களையும் புத்தகங்களையும் பங்கிட்டு முடித்தோம். எஞ்சியது கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டி ஒன்றே. 1965-இல் எழுத்தர் பணியில் சேர்வதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து தில்லிக்கு வந்தபோது தந்தையார் தம்மோடு கொண்டுவந்த பெட்டி அது. அவர் இருந்தவரை அதை நாங்கள் திறந்ததில்லை. அவர் திறந்து நாங்கள் பார்த்ததும் இல்லை.

பெட்டியில் பள்ளியிறுதிச் சான்றிதழ் இருந்தது. பணி நியமன ஆணை இருந்தது. அம்மாவின் கூறைப்புடவை இருந்தது. அவற்றுக்கெல்லாம் அடியில், பழைய வேட்டித்துணியில் சுற்றி நூலால் கட்டிய சிறு பொட்டலம் ஒன்று கிடந்தது. அவிழ்த்தோம். உள்ளே ஒரு பித்தளைக் குழல்.

அதன் உருவத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நீளம் ஒரு சாணுக்குச் சற்று மிகுதி. ஒரு முனை சுண்டுவிரல் பருமன் இருந்தது. அங்கிருந்து வரவர மெலிந்து, மறுமுனைக்கு இரண்டு அங்குலம் முன்னதாக வளைந்து, ஊசி நுழையும் அளவான துளையோடு முடிந்தது. மெலிந்த முனை புகைபடிந்து கறுத்திருந்தது. பருத்த முனையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் சிறு சிறு பள்ளங்கள் விழுந்து வழவழப்பாகியிருந்தன. எங்களுள் இளையவள் புளியிட்டுத் தேய்க்க முனைந்தாள். மற்ற இருவரும் தடுத்தோம். தடுத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பின்னர்தான் விளங்கியது.

இஃது என்ன கருவி? அன்று இரவு முழுவதும் எங்களுக்குள் வழக்காடினோம். அடுப்பூதும் ஊதாங்குழல் என்றார் ஒருவர். அடுப்பூதும் குழல் முழநீளம் இருக்கும், வளைவு இராது, அதன் வாய் இத்துணை நுண்ணியதாயிருந்தால் ஈர விறகு எரிந்த பாடில்லை. புகைக்குடுக்கையின் உறுப்பு என்றார் இன்னொருவர். வெற்றிலைகூடப் போடாத மனிதரின் பெட்டிக்குள் அது வந்த வகை என்ன? மருத்துவர் கருவியோ, விளக்கின் உறுப்போ, இசைக்கருவியின் முறிந்த துண்டோ என்றெல்லாம் எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை. கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லத் தெரியாமல் விழிப்பது, சொந்த வீட்டு வாசலில் நின்று வழி கேட்பதுபோல் இருந்தது.

முதல் வெளிச்சத்தைத் தந்தவள் எங்கள் மூத்தவரின் மகள். வேதியியல் பயின்றவள். கண்டவுடனே, "பழைய ஆய்வகங்களில் இதைப் போன்ற குழலை வைத்துத்தான் கனிமங்களைச் சோதித்தார்கள்" என்றாள். கரித்துண்டில் குழி செய்து, அதில் பொடியை வைத்து, விளக்குச் சுடரைக் குழலால் ஊதி அதன்மேல் பாய்ச்சுவார்களாம். உருகும் விதத்தையும் நிறத்தையும் கொண்டு இன்ன உலோகம் என்று கண்டறிவார்களாம். 1751-இல் நிக்கலைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் கிரான்ஸ்டெட்டு இச்சோதனையில் கைதேர்ந்தவர் என்றும் சொன்னாள். ஆயினும் அவளே ஓர் ஐயத்தையும் எழுப்பினாள். "ஆய்வகத்தில் ஒரு கையால் குழலைப் பிடித்துக்கொண்டு உதட்டில் வைத்து ஊதுவார்கள். இதிலோ பல் பதிந்திருக்கிறது. இரண்டு கைகளுக்கும் வேறு வேலை இருந்தவர் யாரோ இதைப் பல்லால் கடித்துக்கொண்டு ஊதியிருக்கிறார். வேதியியலாருக்கு இந்தக் கருவியைக் கொடுத்தவர்களே பொன்வேலை செய்தவர்கள்தாம். பீடன்புராவில் காட்டிக் கேளுங்கள்" என்றாள்.

கரோல்பாகின் பீடன்புராவும் ரேகர்புராவும் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவே. வங்காளத்திலிருந்து வந்த பொற்கொல்லர் பலர் அங்கே மாடியறைகளில் நெருக்கமாக அமர்ந்து நகை செய்துகொண்டிருக்கிறார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த பேட்டை அது. அந்தத் தெருக்களின் வழியாகத்தான் பள்ளிக்குப் போனோம். எனினும் அந்த மாடிகளில் ஒன்றில்கூட ஏறியதில்லை. மூன்றாவது மாடியில் எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் குழலை வாங்கினார். அதைத் திருப்பிப் பார்க்கவுமில்லை. ஊதிப் பார்க்கும் எண்ணத்தில் முதலில் வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு, "பங்க்நால்" என்றார். வளைந்த குழல் என்பது அதன் பொருள். "யாருடையது?" என்று இந்தியில் கேட்டார். "தெரியவில்லை, தந்தையார் பெட்டியில் இருந்தது" என்றோம்.

அவர் தம் பணிப்பலகையருகில் எங்களை இருத்தி, சிறு விளக்கொன்றை ஏற்றினார். விளக்குச் சுடர் தானாக எரியும்போது அதன் வெப்பம் நாற்புறமும் சிதறிப் போகிறது. குழலின் நுனியைச் சுடரின் ஓரத்தில் வைத்து ஊதியதும், சுடர் ஒருபுறமாகச் சாய்ந்து, நீண்டு, நீலக் கூம்பாகக் குவிந்தது. அக்கூம்பின் நுனியை அடுத்த இடந்தான் மிகுந்த வெப்பமுடையது. அதை ஒரு நெல் முனையளவு இடத்தில் நிறுத்துவதற்கே இந்தக் குழல். தூய பொன் உருகுவதற்கு 1064 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். நகையின் உறுப்புகளை இணைக்கும் பற்றுப்பொடியோ, பொன்னுடன் வெள்ளியும் செம்பும் கூட்டி, நகைக்கு முன்னதாகவே உருகுமாறு செய்யப்பட்டது. வெண்காரத்தைக் கரைத்துத் தடவினால் இணைப்பிடம் மாசு நீங்கித் தூய்மையாகும். உருகிய பொடி அங்கே நீர்போல் ஓடிப் புகும். பொடி உருகி ஓடும் கணத்திற்கும் நகையே உருகிக் குலையும் கணத்திற்கும் இடைவெளி மிகக் குறுகியது. அந்த இடைவெளிக்குள் தீயை நிறுத்துவதுதான் ஊதுபவனின் கல்வி. வலக்கையில் இடுக்கி, இடக்கையில் நகை. ஆகவே குழலைப் பற்களே பிடிக்கவேண்டும்.

ஊதும்போது மூச்சு அறுபடலாகாது என்றார் முதியவர். கன்னங்களில் காற்றை நிரப்பி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும். நம் நாகசுரக் கலைஞர்கள் கையாளும் முறையும் அதுவே. இப்போது பெரும்பாலும் எரிவாயுவைத்தான் பயன்படுத்துகிறோம் என்றும், மிக நுண்ணிய வேலைக்கு மட்டும் தாம் இன்னும் வாயையே நம்புவதாகவும் சொல்லிவிட்டு, அவர் சிரித்தார். அப்போது அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில் பிறைபோல் ஒரு தேய்வு இருந்ததைக் கண்டோம். "நாற்பது ஆண்டு ஊதினால் பல்லும் கொஞ்சம் கொடுக்கவேண்டும்" என்றார்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே இடத்தில், அதே பிறைத் தேய்வு, எங்கள் தந்தையாருக்கும் இருந்தது. சிறுவயதில் கல்லில் விழுந்ததால் உடைந்தது என்றே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

மாடிப்படி இறங்கி வரும்போது மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் இளமையில், தில்லிக் குளிர்காலத்து விடியற்காலைகளில், வாசலில் வைத்து அங்கீட்டியை மூட்டுவது தந்தையாரின் வேலை. அண்டை வீட்டார் விசிறியும் அட்டையும் கொண்டு போராடிக்கொண்டிருப்பர். அவர் குனிந்து அமர்ந்து, கன்னம் உப்ப ஒரே மூச்சாக ஊதுவார். கரி நடுவிலிருந்து சிவந்துகொண்டு வரும். அவர் எப்போது மூச்சு வாங்கினார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெருப்பிள்ளைகள் வாயால் எண்ணுவார்கள். நூறு வரை எண்ணியும் அந்த ஊதல் நின்றதில்லை. அதை நாங்கள் அப்பாவின் மாயவித்தை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம். வித்தைதான், ஆனால் அதற்கொரு பட்டறை இருந்தது என்பதை அறியாமற்போனோம்.

பாட்டனாரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்ததெல்லாம், அவர் கோவைக் கடைவீதியில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தார் என்பது மட்டுமே. கணக்கெழுதினார் போலும் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம். அன்றிரவு கோவையிலிருக்கும் எங்கள் அத்தைக்குத் தொலைபேசினோம். தந்தையாருக்கு நான்கு வயது மூத்தவர். எண்பத்தைந்து வயதிலும் நினைவு மழுங்காதவர். குழலின் வடிவத்தைச் சொல்லி முடிக்குமுன்பே அவர் குரல் மாறிவிட்டது.

"அது ஊதுகுழல் கண்ணு. உங்கப்பனோடது. அவன் பல்லுக்கும் வாய்க்கும் அளவு பார்த்து எங்கப்பா அடிச்சுக் கொடுத்தது."

தந்தையார் பன்னிரண்டு வயதில், 1954-இல், பள்ளிப்படிப்போடு பட்டறையிலும் உட்காரத் தொடங்கினாராம். பள்ளியிறுதி வகுப்பு முடித்தபின் முழுநேரமும் அங்கேதான். பொடி வைத்து ஊதுவதில் அவருக்கு இணையாக அந்தச் சந்தில் வேறு பையன் இல்லையாம். "தாலிக்குப் பத்து வைக்கிறதுன்னா அப்பாவே நகர்ந்து உட்கார்ந்து அவனை ஊதச் சொல்லுவார்" என்றார் அத்தை.

அந்த வாழ்வு 1963-இல் நின்றுபோனது. 1962 அக்டோபரில் சீனத்தோடு போர் மூண்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியையும் தங்கக் கடத்தலையும் தடுக்கவேண்டிய நிலையில், 1963 சனவரியில் நடுவணரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையுடைய நகைகளைப் புதிதாகச் செய்வது தடை செய்யப்பட்டது. 22 காரட் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு பொன். 14 காரட் என்றால் 58 பங்கே. நம் பெண்கள் அதைப் பொன்னென்று ஏற்கவில்லை. தாலிக்கு எவர் கேட்பார்? நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர். வறுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அதே ஆண்டில் சில தளர்வுகள் வந்தன. 14 காரட் வரம்பு 1966-இல் நீக்கப்பட்டது. பின்னர் 1968-இல் தனிச் சட்டமாகவே நிலைத்த கட்டுப்பாடு 1990-இல் முற்றிலும் விலக்கப்பட்டது. போர்க்காலத்து அரசின் இடர்ப்பாட்டை எடைபோடுவது எங்கள் நோக்கமன்று. ஒரு சந்தில் ஓர் உமியோடு அவிந்தது. அதனால் ஓர் இளைஞர் தில்லிக்கு இரயில் ஏறினார். அதனால் நாங்கள் தில்லித் தமிழராகப் பிறந்தோம். இவ்வளவே நாங்கள் சொல்ல வந்தது.

பட்டறைச் சாமான்களைப் பழைய உலோக வணிகரிடம் எடைக்குப் போட்டார்களாம். பாட்டனார் தம் சுத்தியலையும் உரைகல்லையும் மட்டும் வைத்துக்கொண்டார். 1965-இல் தந்தையார் புறப்பட்ட அன்று, இந்தக் குழலைத் துணியில் சுற்றித் தம் கையாலேயே பெட்டியின் அடியில் வைத்தாராம். "போய்ப் பார். சரிப்படாவிட்டால் திரும்பி வா, வந்தால் இது வேண்டும்" என்றாராம்.

மறு ஆண்டில் வரம்பு நீங்கிய செய்தி வந்ததும், பாட்டனார் சொல்லச் சொல்ல அத்தை கடிதம் எழுதினார். சந்தில் மீண்டும் சுத்தியல் ஓசை கேட்கிறது, வந்துவிடு என்பதே அதன் சாரம். தந்தையாரிடமிருந்து இருபத்தைந்து ரூபாய் பணவிடையும் ஓர் அஞ்சலட்டையும் வந்தன. வேலை நிரந்தரமாகப் போகிறது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், ஊதுகுழலைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டிருந்தார்.

"அதுக்கு மட்டும் அப்பா பதில் எழுதச் சொல்லலை" என்றார் அத்தை.

"இத்தனை நாள் ஏன் அத்தை எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"உங்கப்பன் வேண்டாம்னான். நீங்களும் எப்பவாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். தந்தையார் ஏன் மறைத்தார் என்பதை நாங்களாகவே எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. தமிழ்ச் சமுதாயம் பொற்கொல்லரிடம் தாலி வாங்கிக்கொண்டே, தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பவர் என்று பழமொழியும் சொல்லிற்று. சிலப்பதிகாரத்தில் கோவலன்மேல் களவுப்பழி சுமத்தியவன் ஒரு பொற்கொல்லன்; அந்த ஒருவனின் குற்றத்திற்காகக் கொற்கையில் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்றும் அக்காப்பியம் கூறுகிறது. சங்க மண்டபத்தில் சிலம்புச் சொற்பொழிவு என்றால் தந்தையார் முன்வரிசையில் இருப்பார். கொலைக்களப் பகுதி நெருங்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போவார். அதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். பொருள் தெரியாமல் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அவர் மறைத்ததை மொழி மறைக்கவில்லை. 'பொடி வைத்துப் பேசாதே' என்று எங்களைக் கண்டிப்பார். அது பட்டறையில் பிறந்த சொல். பொடியை வைத்து ஊதினால் இணைப்பு வெளியே தெரியாது. உள்ளே கருத்தை ஒளித்துப் பேசும் பேச்சும் அத்தகையதே. 'பற்றவைத்தல்' என்பதும் 'மாற்றுக் குறையாத மனிதர்' என்பதும் அவர் வாயில் நாள்தோறும் வந்தவை. அவற்றை நாம் எல்லோரும் வழங்குகிறோம். தம் கைகள் அறிந்த பொருளிலேயே அவர் அவற்றை வழங்கினார் என்பதை இப்போதுதான் அறிகிறோம்.

ஊரைவிட்டு வந்த நாம், மொழியைக் கொண்டுவந்தோம்; கோயிலைக் கட்டினோம்; இசைவிழா நடத்துகிறோம்; பிள்ளைகளுக்குத் திருக்குறள் ஒப்பிக்கக் கற்பிக்கிறோம். நம் பெற்றோரின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை மட்டும் பல வீடுகளில் ஊரிலேயே விட்டுவிட்டோம். எகிப்தில் மெரெருக்கா என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நெருப்பைச் சுற்றி அமர்ந்து குழலால் ஊதும் உலோக வினைஞர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அத்துணைத் தொன்மையான ஒரு கலை, எங்கள் வீட்டில் ஒரே தலைமுறைக்குள் பெயரின்றிப் போயிற்று. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதிலுள்ள பொருளின் பெயரைச் சொல்லவல்லவர் இன்னும் இருக்கிறார் என்றால், விடுமுறை வரும்வரை காத்திராதீர்கள்.

குழலை என்ன செய்வது என்று எங்களுக்குள் மறுபடியும் வழக்கு எழுந்தது. பூசையறையில் வைக்கலாம் என்றார் ஒருவர். கோவைக்கே அனுப்பலாம் என்றார் ஒருவர். முடிவில் அத்தையையே கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "அதை வாயில வெச்சு ஒரு தடவை ஊது கண்ணு, கேட்கிறேன்" என்றார். எங்களுள் மூத்தவர் தொலைபேசியை அருகில் வைத்து, தந்தையாரின் பல் பதிந்த பள்ளத்தில் தம் பல்லைப் பொருத்தி ஊதினார். ஐந்து எண்ணுவதற்குள் மூச்சு முட்டியது. அடுத்து மற்ற இருவரும் ஊதினோம். மறுமுனையில் அத்தை சிரிப்பது கேட்டது.

"காத்து அறுந்து அறுந்து போகுது. அவன் ஊதினா அறாது."

பிறகு, சிரிப்பு நின்றது. "அங்கேயே இருக்கட்டும். தினமும் கொஞ்சம் ஊதிப் பழகுங்க" என்றார்.